அத்தையின் வேலையை எடுத்துக்கொண்ட வண்டு: சுங்கை சிப்புட் பயணம்

பதினோரு வருடமாக என் வகுப்பறையில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ‘உங்களுக்குத் தெரியுமா?’ பலகையில் ஒரு செய்தி எழுதிப் போடுகிறேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். ஈஃபில் கோபுரம் வெயில் காலத்தில் சில அங்குலம் உயரும். பிள்ளைகள் ஆசையாகப் படிப்பார்கள். போன மாதம் நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன், “டீச்சர், நம்ம ஊர்ப் பக்கம் இந்த மாதிரி ஒண்ணும் கிடையாதா?” என்று கேட்டான். எனக்குச் சட்டென்று ஒன்றும் வாயில் வரவில்லை. அது மனசில் தைத்துவிட்டது. பள்ளி விடுமுறை விட்டதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிள்ளானிலிருந்து அத்தை வீட்டுக்குக் கிளம்பினேன். பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட். சுற்றிலும் தோட்டம், நடுவில் ஒரு சின்னப் பட்டணம்.

செப்டம்பர் 14, சனி: கோலகங்சார்

நான் ஏறிய ரயில் சுங்கை சிப்புட்டில் நிற்காது. ஈப்போவைத் தாண்டிய பிறகு பக்கத்து இருக்கையில் இருந்த மலாய்க்கார அம்மா சொல்லித்தான் தெரிந்தது. வெளியே நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனின் பலகை ஓடி மறைந்தது. அந்த அம்மா, “அடுத்தது கோலகங்சார்தான், நானும் அங்கேதான் இறங்குகிறேன்” என்று என் கையில் ஒரு பொட்டலம் கூஹே பலகாரத்தை வைத்தார். இறங்கியதும் தன் மகன் காரிலேயே டவுன் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டு வாங்க மறுத்துவிட்டார்.

அத்தை மகன் வந்து கூட்டிப்போக மூன்று மணி நேரம் ஆகும் என்றான். சரி, வந்தது வந்தோம் என்று நான் நேராகப் போனது அந்த மரத்தைப் பார்க்க. நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி கட்டி நிற்கிறது. நாட்டின் ஆகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. முளைத்ததில் 22 கன்றுகள் மறுவருடம் சிங்கப்பூருக்கு வந்தன. அதிலிருந்து ஒன்பது கன்றுகள் இந்த ஊருக்கு வந்து, ஹியூ லோ என்ற பிரிட்டிஷ் நிர்வாக அதிகாரியின் (ரெசிடெண்ட்) வீட்டுத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் ஒன்றுதான் இது என்கிறார்கள்.

அடிமரம் முழுக்க முண்டும் முடிச்சும். கையை வைத்துப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. என் தாத்தா கப்பல் ஏறியது, அப்பா தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தது, நான் இன்று மலேசியாவில் நின்று தமிழ் சொல்லிக்கொடுப்பது, எல்லாவற்றுக்கும் கன்று போட்ட மரம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ரோட்டில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, “ஏதாவது உதவி வேணுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. உபுதியா பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு கடையில் ஒதுங்கினேன். தங்கக் கவிகை மாடம் மழையிலும் மின்னியது. 1913இல் தொடங்கிய கட்டடம், முடிய 1917 ஆனது. நடுவில் சுல்தான் இட்ரிஸின் யானையும் ராஜா சூலானின் யானையும் சண்டை போட்டு, இத்தாலியிலிருந்து வந்து இறங்கியிருந்த சலவைக் கற்களை மிதித்து நொறுக்கிவிட்டன. திரும்பவும் கல் வர வேண்டும், அதற்குள் முதல் உலகப் போர். நோட்டில் இதை எழுதும்போதே அந்தப் பையனின் முகம் கண்ணில் வந்தது.

கடையில் தே தாரிக் என்ற பால் டீ 2 வெள்ளி (ரிங்கிட்), ஆவியில் வேகவைத்த பாவ் ஒன்று 1 வெள்ளி 80 காசு. கிளம்பும் முன் ஒரு லாபு சாயோங் வாங்கினேன். சுரைக்காய் வடிவில் கறுப்பு மண் கூஜா, 25 வெள்ளி. சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு நெல் உமியில் புதைப்பதால்தான் அந்தக் கறுப்பு. தண்ணீர் மண்ணில் கசிந்து ஆவியாகிக் குளிரும், நம் மண்பானை மாதிரியேதான்.

செப்டம்பர் 15, ஞாயிறு: பால் காடு

அத்தை நாலரைக்கே எழுப்பிவிட்டார். மாமாவுக்கு 72 வயது. அவர் வேலை செய்த தோட்டம் விற்றுப்போய் வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது நண்பர் ஒருவரின் மூன்று ஏக்கர் பால் மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, பாதிக்குப் பாதி பங்கில் வெட்டுகிறார். அவருடைய மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனேன். கும்மிருட்டு.

“எங்க காலத்துல அஞ்சரைக்குப் பெரட்டு. அப்ப இவ்வளவு இருட்டு இருக்காது. 82ல அரை மணி நேரத்தைத் தூக்கிட்டாங்க” என்றார் மாமா.

பெரட்டு என்றால் வேலைக்கு முன் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அரை மணி நேரக் கணக்குதான் எனக்கு முதலில் புரியவில்லை. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரத்தை நேராகப் பன்னிரண்டுக்குத் தள்ளினார்கள். தீபகற்ப மலேசியாவும் சபா, சரவாக்கும் ஒரே நேரத்துக்கு வர வேண்டும் என்று செய்த மாற்றம். தீபகற்பம் முழுக்க அந்த இரவில் அரை மணி நேரம் இல்லாமலே போனது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருக்கிறேன். ஆனால் பெரட்டுக் களத்தில் நின்ற ஆளுக்கு அது என்ன என்று இன்றுதான் தெரிந்தது. மணி அதே அஞ்சரை, சூரியன் மட்டும் அரை மணி நேரம் தள்ளிப் போய்விட்டது. விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு வெட்டும் நேரம் அந்த அளவுக்குக் கூடியது.

மாமா முதல் மரத்தில் பழைய வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்துத் தோள்பையில் போட்டார். மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், உறைந்திருந்த கட்டியைத் தனியாக எடுத்தார். அப்புறம் உளி. இடது மேட்டில் வைத்து, மரத்தைச் சுற்றி நடந்தபடியே வலது பள்ளத்துக்கு இழுத்து வந்தார். பட்டை ஒன்றரை மில்லி மீட்டர் கனத்துக்குச் சுருள் சுருளாக விழுந்தது. வெட்டின கோட்டில் முதலில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக அரும்பின. பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்து, சரிவில் வழிந்து, தகரத் தாரையில் தொங்கி, மங்கில் முதல் சொட்டு விழுந்தது. ஒரு மரத்துக்குப் பத்து நொடிகூட ஆகவில்லை. நான் எழுதி முடிப்பதற்குள் அவர் நாலு மரம் தாண்டிவிட்டார்.

“ஏன் மாமா எல்லா மரத்துலயும் இடது பக்கம் இருந்தே வெட்டுறீங்க?”

“எங்க கங்காணி அப்படித்தான் பழக்கினாரு. மாத்தி வெட்டுனா பால் கொறையும்.”

இரவு வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். பட்டைக்குள் பால் குழாய்கள் நேர்க்குத்தாக ஏறுவதில்லை. சில டிகிரி வலப்பக்கம் சாய்ந்து, மரத்தைச் சுற்றியே ஏறுகின்றன. இடமிருந்து வலமாகச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். விடிவதற்கு முன் வெட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய் மரத்துக்குள் அழுத்தம் குறைந்துவிடும், பாலும் குறையும். மாமா நுண்ணோக்கியில் ஒரு பட்டையைக்கூடப் பார்த்ததில்லை. ஐம்பது வருடமாக அவர் கை அந்தக் குழாய்களின் சாய்வை அறிந்து வெட்டுகிறது.

இந்த முறையைக் கண்டுபிடித்துப் பரப்பியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி. அதற்கு முன்பு பிரேசில் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுப்பார்கள். ஒரே வெட்டை மெல்லச் சீவிச் சீவித் திறந்தால் மரம் சாகாமல் பல வருடம் பால் தரும் என்று 1890களில் அவர் காட்டினார். மலாயா முதலாளிகள் அப்போது காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். ரிட்லி பையில் ரப்பர் விதையோடு அலைந்து எல்லாரையும் நடச் சொன்னதால் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றே பெயர். நூறு வயது வரை இருந்தார், தான் சொன்னது ஒரு நாட்டையே மாற்றியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எனக்கும் உளியைக் கொடுத்தார் மாமா. இரண்டாவது இழுப்பிலேயே ஆழம் போய்விட்டது. “மரத்துக்குப் புண்ணாயிருச்சு. இனிமே அந்த எடத்துல பட்டை முடிச்சாத்தான் வளரும், உளி ஓடாது” என்று மெதுவாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். கோலகங்சார் மரத்தின் முடிச்சுகள் ஞாபகம் வந்தன. எத்தனை பேர் பழகிய கை அதில் இருக்கிறதோ.

கொசு பிடுங்கித் தள்ளியது. பதினொரு மணிக்கு வெயில் ஏறி, மங்குகளில் ஆசிட் விட்டுக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே பட்டாசு மாதிரி ‘படார்’ என்று ஒரு சத்தம். பால் மரத்துக் காய் வெடிக்கிறது. மூன்று அறை, மூன்று கொட்டை. வெயிலில் காய்ந்து முறுக்கேறி வெடித்தால் கொட்டை பதினைந்து மீட்டருக்கு மேலும் பறக்கும். சின்ன வயதில் அதைச் சிமெண்டில் தேய்த்துச் சூடேற்றி அண்ணன் என் கையில் வைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெடிக்காத காய் மூன்றைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

காலைப் பசிக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய், ஒன்று 1 வெள்ளி 60 காசு. அந்த வேலைக்கு அப்புறம் அந்த ருசி தனி.

செப்டம்பர் 16, திங்கள்: மழை நாள்

மலேசிய தினம், பொது விடுமுறை. விடிந்ததிலிருந்து மழை. பால் வெட்டு கிடையாது, ஈரப் பட்டையில் பால் மங்குக்குப் போகாமல் மரத்திலேயே பரந்து வீணாகிவிடும். மாமா உளியைத் தீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 84 வயது. அத்தை சுட்ட பணியாரத்தை எடுத்துக்கொண்டு போனேன். பாட்டி வீட்டுக் கட்டிலைத் தட்டி, “இங்க உக்காரு” என்றார். மலாயிலும் இது ‘காத்தில்’தான். கடை ‘கெடாய்’, மீசை ‘மிசாய்’, பெட்டி ‘பெத்தி’, கழுதை ‘கெல்டாய்’, வியாபாரத்துக்குப் போடும் முதல் ‘மோடால்’. ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் கப்பலில் போய்வந்த சொற்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை, அவர்களுடைய ‘கெத்தா’வை வாங்கிக் கித்தா மரம் என்று வைத்துக்கொண்டோம்.

பாட்டியிடம் சின்ன வயதுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் டின்னைப் பற்றிச் சொன்னார்.

“சார்டின் வாங்கினா, பால் டின் வாங்கினா, கடைக்காரச் சீனரு அங்கேயே ஆணியால ஓட்டை போட்டுத்தான் குடுப்பாரு. வீட்டுக்கு வர்றதுக்குள்ள கவுன்ல எல்லாம் வழிஞ்சிரும். அம்மா அடிப்பாங்க.”

ஓட்டை போட்ட டின்னைச் சேர்த்து வைக்க முடியாது. சேர்த்து வைக்க முடியாததைக் பிரிட்டிஷாரை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குக் கொடுத்து அனுப்பவும் முடியாது. அவசரகாலச் சட்டத்தின் சாப்பாட்டுக் கட்டுப்பாடு அது. பாட்டி இருந்த தோட்டத்து லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை. கையில் ஒரு பிடி சோறு இருக்கக் கூடாது. சில இடங்களில் அரிசியை விற்காமல் பொது அடுப்பில் ஆக்கிய சோறாகவே கொடுத்தார்கள், சோறு மறுநாள் ஊசிப்போகும் என்பதால். “மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துதான் கஞ்சி. அது வரைக்கும் வெறும் வயிறு” என்றார் பாட்டி.

இந்த அவசரகாலம் தொடங்கியதே இந்த ஊரில்தான். 1948 ஜூன் 16 அன்று லிந்தாங் சாலைப் பக்கம் எல்ஃபில் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையும், இன்னொரு தோட்டத்தில் இரண்டு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 12 வருடம் நடந்தது, 1960இல்தான் முடிந்தது. போர் என்று அறிவித்தால் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் காப்பீட்டுப் பணம் கிடைக்காது, அதனால்தான் ‘அவசரகாலம்’ என்று பெயர் வைத்தார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்ததும் இதே ஊரில், இதே ஜூன் 16, 1919இல். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுத் தொழிலாளிகள் தெருவுக்கு வந்தபோது, ஆளுக்குச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களை வாங்க 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினவர். பாட்டி இன்னும் அந்தப் பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருக்கிறார். துணியில் சுற்றி, கற்பூர உருண்டையோடு. எடுத்துக் காட்டிவிட்டு அதே மடிப்பில் திரும்பவும் மடித்தார்.

சாயங்காலம் மழை விடவேயில்லை. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போகலாம் என்ற திட்டம் நின்றுபோனது. அத்தை சம்பல் வைத்து மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 17, செவ்வாய்: செம்பனைக் காடு

அத்தை மகனுக்குத் தெரிந்த மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) அண்ணன் ஒருவர் செம்பனைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போனார். அத்தையும் கிளம்பினார். தோட்டத்துக்குள் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்லிப் பழைய காலணியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

நேற்றைய மழையில் மண் ரோடு சேறாகி, கார் சக்கரம் பாதி வரை புதைந்துவிட்டது. குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையன்கள் ஐந்து பேர் கம்பை வைத்துவிட்டு ஓடி வந்து, காய்ந்த மட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் போட்டுத் தள்ளிவிட்டார்கள். சட்டையெல்லாம் சேறு. பணம் வேண்டாம் என்றார்கள். அத்தை கொண்டுவந்த முறுக்கு டப்பாவை அப்படியே கொடுத்தோம், அதை மட்டும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருந்தார்கள். கூகைக்கு வீடு. எலிதான் செம்பனைப் பழத்துக்குப் பெரிய எதிரி. ஒரு ஜோடி கூகையும் குஞ்சுகளும் ஒரு வருடத்தில் ஆயிரத்துக்கு மேல் எலி தின்னும். “மொதல்ல நம்ம ஆளுங்க பயந்தாங்க. கூகை கத்துனா வீட்டுல சாவு விழும்னு சொல்வாங்கல்ல” என்றார் மண்டோர் அண்ணன். இப்போது பெட்டியில் குஞ்சு இருக்கிறதா என்று அவரே ஏணி போட்டுப் பார்க்கிறாராம்.

அப்புறம் அவர் ஒரு ஆண் பூவை ஒடித்து அத்தையிடம் நீட்டினார். விரல் விரலாக, வெளிர் மஞ்சள். அத்தை முகர்ந்துவிட்டு என் மூக்கில் வைத்தார். சோம்பு வாசனை! சமையலறையில் கறிக்குத் தாளிக்கிற அதே வாசனை. பூ முழுக்க மூன்று மில்லி மீட்டர் நீளத்தில் பழுப்பு வண்டுகள், நூற்றுக்கணக்கில், ஓயாமல் ஊர்ந்துகொண்டிருந்தன.

அத்தை தெலுக் இந்தான் பக்கம் தோட்டத்தில் பதினாறு வயதில் வேலைக்குப் போனவர். செம்பனை ஆப்பிரிக்க மரம். மரம் மட்டும் வந்தது, அதன் பூவில் மகரந்தம் சேர்க்கும் வண்டு வரவில்லை. அதனால் ஆள் வைத்துத்தான் சேர்க்க வேண்டும். அத்தை மாதிரிப் பெண்கள், மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து, குழாய் வைத்த புட்டியில் போட்டு, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் ஊதினார்கள்.

“முள்ளு கையெல்லாம் கிழிக்கும். பவுடர் நம்ம மூஞ்சியிலேயே அடிக்கும். சாயங்காலம் வந்தா பேய் மாதிரி இருப்போம்.”

1981இல் கேமரூனிலிருந்து இந்த வண்டைக் கொண்டுவந்து ஜொகூரில் விட்டார்கள். ரஹ்மான் சையது என்ற பாகிஸ்தான் பூச்சியியல் ஆராய்ச்சியாளர் அதற்கு முன்பே அங்கே போய், பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோவது இந்த வண்டுதான் என்று நிரூபித்திருந்தார். கொஞ்ச காலத்தில் தோட்டம் தோட்டமாகப் பரவிவிட்டது. ஆள் ஊத வேண்டிய வேலை இல்லாமல் போனது. மகசூல் ஏறியது. பத்திரிகைகள் கொண்டாடின, நாட்டுக்குக் கோடிக்கணக்கில் லாபம்.

“ஒரு நாள் பெரட்டுல, ஊதுற பொண்ணுங்க எல்லாம் நாளையிலிருந்து வேணாம்னு கிராணி சொல்லிட்டாரு. ஏன்னு சொல்லவே இல்ல” என்றார் அத்தை. கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். அடுத்த வருடம் கல்யாணம், சுங்கை சிப்புட், பால் வெட்டு. “பூச்சி வந்ததுனு யாரோ பேசிக்கிட்டாங்க. நான் நோய் கொண்டுவர்ற பூச்சின்னு நெனச்சேன்.”

நான் சொன்னபோதுதான் முழு விவரமும் அவருக்குத் தெரியும். நாற்பத்து மூன்று வருடம் கழித்து. அத்தை பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வண்டு அவர் கட்டை விரலில் ஏறியது, தட்டிவிடவில்லை. “இத்தனூண்டு” என்றார். திரும்பவும் பூவில் விட்டார்.

வீடு வரும் வரைக்கும் அவர் அதிகம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்று இரவு நோட்டில் இதை எழுதினேன், பலகைக்கான மூன்று வரியாகச் சுருக்க முடியவில்லை. ஒரு பக்கம் முழுக்கப் போயிற்று. இந்த முறை பலகையில் இடம் போதாவிட்டால் சுவரில் ஒட்டப்போகிறேன்.

செப்டம்பர் 18, புதன்: பத்து காஜா

திரும்பும் வழியில் அத்தை மகன் கெல்லி மாளிகை வரை காரில் கொண்டுபோனான். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் கட்டத் தொடங்கியது. மலாயாவிலேயே முதல் லிஃப்ட் வைக்கத் திட்டம் போட்டவர், 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துவிட்டார். மாளிகை பாதியில் நின்றது. கட்ட வந்தவர்கள் மதராஸிலிருந்து போன நம் ஆட்கள். நோய் வந்து பலர் செத்து விழ, மாரியம்மனுக்குக் கோயில் கட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், அவரும் கட்டிக் கொடுத்தார். கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகத் துரையும் நிற்கிறார். மாளிகைக்கு நுழைவுச் சீட்டு உண்டு, கோயிலுக்கு இல்லை. மாளிகையில் கூட்டம், கோயிலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். பூசாரி ஐயா திருநீறு கொடுத்து, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டு, தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தந்தார்.

செப்டம்பர் 21, சனி: கிள்ளான்

லாபு சாயோங்கில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன், நன்றாகவே குளிர்கிறது. கைப்பையில் கொண்டுவந்த மூன்று காய்களையும் வெயில் படும் ஜன்னல் திண்ணையில் வைத்திருந்தேன். இன்று மதியம் சமைத்துக்கொண்டிருக்கும்போது வரவேற்பறையில் ‘படார்’. என் சின்ன மகள் அலறிக்கொண்டே ஓடி வந்தாள். ஒரு காய் வெடித்திருந்தது. ஒரு கொட்டை டிவிக்குப் பின்னால் கிடந்தது, இன்னொன்று சாமி மாடத்துக்குக் கீழே. மூன்றாவதை இரண்டு பேரும் முழங்கால் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறோம்.